புருவம் சொல்லும் சேதி: பேச முடியாத நோயாளிக்கு வலிக்கிறதா?

காலை ஆறரை மணி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில். அதில் படுத்திருப்பவருக்கு வயது அறுபது இருக்கும். மூன்று நாளுக்கு முன் வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாய் போகிறது. அதன் மறுமுனை சுவாசக் கருவியில் இருக்கிறது. மயக்க மருந்து பம்ப் வழியாக ஏறிக்கொண்டே இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பதில்லை. இரண்டு தாதியர் வருகிறார்கள். உடம்பைத் துடைத்து, விரிப்பை மாற்றி, அவரை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தினமும் பல தடவை நடக்கும் வேலைதான். ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த ஐந்து, பத்து நிமிடத்தில் அவருக்கு வலித்ததா? கட்டில் அருகில் நீங்கள் நின்றிருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இந்த வாரப் பாடம் இதுதான். தாதிமை படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதவில்லை. பக்கவாதம் வந்து பேச்சிழந்த அப்பாவையோ, மறதி நோய் முற்றிய பாட்டியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது உதவும்.

பேசக்கூடிய நோயாளி என்றால் கேட்டுவிடலாம். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனையில் தங்கியிருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: இரத்த அழுத்தம் பார்க்க வரும் தாதி, சுழியம் முதல் பத்து வரை எண்கள் போட்ட ஓர் அளவுகோலையும் காட்டி, வலி எத்தனை என்று கேட்பார். 2008ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கணக்கிடச் சொல்லியிருக்கிறது. நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம், உடல் வெப்பம், அவற்றோடு வலி. நல்ல ஏற்பாடு. ஆனால் தொண்டையில் குழாயும் உடம்பில் மயக்க மருந்தும் இருப்பவர் அந்த அளவுகோலில் எந்த எண்ணைக் காட்டுவார்? வலிக்கான கட்டம் காலியாக இருக்கும், அல்லது அங்கே ஒரு சுழியம் விழும். காலிக் கட்டமாவது ‘பார்க்கவில்லை’ என்று உண்மையைச் சொல்கிறது. சுழியம் ‘பார்த்தோம், வலி இல்லை’ என்கிறது. பார்க்காமலே எழுதிய சுழியம் பொய்.

வலி ஆராய்ச்சிக்கான அனைத்துலகச் சங்கம் 2020இல் வலிக்கான தன் விளக்கத்தைத் திருத்தியபோது, பேச முடியாமல் இருப்பது வலி இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்ற குறிப்பையும் சேர்த்தே வெளியிட்டது. வலியை வெளிக்காட்டும் பல வழிகளில் வாய்ச்சொல் ஒன்று மட்டுமே என்பது அதன் நிலைப்பாடு. அப்படியானால் மற்ற வழிகள் எவை?

தூங்குகிறார் என்றால் வலிக்கவில்லை என்று பொருளா?

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். உறவினர்கள் அடிக்கடி சொல்வது: “அவருக்குத்தான் தூக்க மருந்து போகிறதே, ஒன்றும் தெரியாது.” சில சமயம் மருத்துவமனை ஊழியர்களே இப்படி நினைப்பதுண்டு.

தூங்க வைக்கும் மருந்து வேறு, வலியைக் குறைக்கும் மருந்து வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் அதிகம் புழங்கும் புரோபோஃபால், மிடாசோலம் இரண்டும் மூளையை உறக்க நிலைக்குக் கொண்டுபோகும். வலிநிவாரணி என்று அவற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது. மார்ஃபின், ஃபென்டனில் போன்றவைதான் அந்த வேலையைச் செய்பவை. தூக்க மருந்தை மட்டும் கொடுத்து வலி மருந்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்? நோயாளி தன் வலியைக் காட்டும் திறன் குறையும். வலிச் செய்தி குறையாது. காயத்தைச் சுற்றியுள்ள நரம்பு முனைகள் எழுப்பும் சமிக்ஞை முதுகுத்தண்டு வழியாக மேலே போய்க்கொண்டுதான் இருக்கும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், உடம்பு கூடுதல் பிராணவாயு கேட்கும். வயிற்றில் தையல் போட்டவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், இருமிச் சளியை வெளியேற்றவும் மாட்டார். அடுத்து நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் வர வழி திறக்கும். இதனால்தான் இப்போதைய வழிகாட்டிகள் முதலில் வலியைத் தணியுங்கள், அதன் பிறகும் தேவைப்பட்டால் தூங்க வையுங்கள் என்று வரிசையை மாற்றிச் சொல்கின்றன.

திருப்பிப் படுக்க வைப்பதில் என்ன வலி?

ஊசி குத்துவதும் குழாய் செருகுவதும் வலிக்கும் என்று யாருக்கும் தெரியும். புரட்டிப் படுக்க வைப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதியர் முன்னின்று நடத்திய ‘தண்டர் 2’ என்ற பெரிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. அமெரிக்கப் பேராசிரியர் கேத்லீன் புன்டில்லோ அதன் தலைமை ஆய்வாளர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஆறு வகைச் செயல்களைப் பற்றிக் கேட்டார்கள்: திருப்புதல், காய வடிகுழாயை எடுத்தல், மூச்சுக்குழாய்ச் சளியை உறிஞ்சுதல், தொடை இரத்தக் குழாயில் இருக்கும் குழாயை அகற்றுதல், பெரிய நாளத்தில் குழாய் செருகுதல், புண்ணுக்குக் கட்டு மாற்றுதல். பெரியவர்கள் ஆக அதிகம் வலித்ததாகச் சொன்னது திருப்புதலைத்தான். அந்தச் செயல்களுக்கு முன் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வலி மருந்து எதுவும் தரப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிய வந்தது.

இவர்கள் பேசக்கூடிய நிலையில் இருந்தவர்கள், அதனால் சொன்னார்கள். பேச முடியாதவரின் தையலும் அதே தையல்தான். உடம்பைப் புரட்டும்போது காயத்தின் விளிம்பு இழுபடுகிறது. வடிகுழாய் உள்ளே உரசுகிறது. நாள்கணக்கில் அசையாத தோள்மூட்டும் இடுப்பும் திடீரென்று வளைகின்றன. தொண்டைக் குழாய் அரை விரற்கடை நகர்ந்தாலே குமட்டலும் இருமலும் வரும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலாய்ப் பெரியவரை ஒரு வாரம் பார்த்துக்கொண்டேன். அவரைத் திருப்பும்போதெல்லாம் சுவாசக் கருவி அலறும். நான் அலார ஒலியை அடக்கிவிட்டு வேலையை முடிப்பேன். அப்படித்தான் என் மூத்தவர்களும் செய்தார்கள். குழாய் எடுத்த மறுநாள் அவரிடம் போய், “பாக்சிக், எப்படி இருக்கிறீர்கள்?” என்று மலாயில் கேட்டேன். கம்மிய குரலில் அவர் சொன்னது: உன் முகம் எனக்குத் தெரியாது, உன் குரல் தெரியும், அந்தக் குரல் கேட்டால் திருப்பப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

முகம், கை, தசை, சுவாசக் கருவி

கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த செலின் ஜெலினாவும் அவருடைய குழுவினரும் 2006இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். சுருக்கமாக ‘சிபாட்’ என்பார்கள். நோயாளியிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. பார்க்க வேண்டும், தொட்டுணர வேண்டும். நான்கு இடங்களைக் கவனித்து ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 போட வேண்டும். மொத்தம் 8.

முகத்திலிருந்து தொடங்குங்கள். மனிதர் எந்த இனத்தவராக இருந்தாலும் வலியில் முகம் ஏறக்குறைய ஒரே மாதிரி மாறும். புருவங்கள் இறங்கி ஒன்றையொன்று நெருங்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை இறுகும். மூக்கின் இரு பக்கமும் சுருங்கி மேலுதடு சற்றே உயரும். இந்த இறுக்கத்துக்கு 1. இவற்றோடு கண்ணை இறுக மூடிக்கொண்டால் 2. தொண்டைக் குழாயைக் கடிப்பதையும் இதில் சேர்க்கலாம். குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்திரி முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்துவிடும் என்பதால், பார்வை புருவத்திலும் கண்ணிலும் இருக்கட்டும்.

அடுத்தது உடலசைவு. கை மெல்ல வயிற்றை நோக்கிப் போவது, காயத்தைத் தடவப் பார்ப்பது, ஜாக்கிரதையாக அசைவது எல்லாம் 1. குழாயைப் பிடுங்குவது, எழுந்து உட்கார முயல்வது, கை கால்களை உதறுவது 2. அசைவே இல்லாவிட்டால் 0. ‘முரட்டு நோயாளி’ என்று கைகளைக் கட்டிவைப்பதற்கு முன் இந்த 2ஐ ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது தசை இறுக்கம். நோயாளியின் முழங்கையை நீங்களே மடக்கி நீட்ட வேண்டும். தளர்வாக வந்தால் 0, எதிர்த்து நின்றால் 1, மடக்கவே முடியாத அளவு விறைத்தால் 2. இதை எப்போதும் கடைசியில் செய்யுங்கள். தொடுவதே ஒரு தூண்டல். முதலில் தொட்டுவிட்டால் பிறகு பார்க்கும் முகம் ஓய்விலிருக்கும் முகமாக இருக்காது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் விவரம் இது. பயிற்சித் தாதியர் அதிகம் தவறுவதும் இங்கேதான்.

கடைசியாகச் சுவாசக் கருவி. கருவி தள்ளும் காற்றை ஏற்றுக்கொண்டு அமைதியாக இருந்தால் 0. இருமல் வந்து, அலாரம் அடித்துத் தானாக நின்றுவிட்டால் 1. கருவி ஒரு தாளம், நோயாளி ஒரு தாளம் என்று மல்லுக்கு நின்றால் 2. தொண்டைக் குழாய் இல்லாதவருக்கு இதற்குப் பதிலாகக் குரலைக் கேட்க வேண்டும்: பெருமூச்சும் முனகலும் 1, அழுகையும் அலறலும் 2.

எப்போது பார்ப்பது என்பதும் அளவுகோலின் பகுதியே. வேலை தொடங்குமுன் முழுதாக ஒரு நிமிடம் கை கட்டி நின்று பாருங்கள். பிறகு வேலையின்போது பாருங்கள். கண்டதில் ஆக அதிகமான நிலைக்குப் புள்ளி கொடுங்கள். மருந்து கொடுத்தால் அது உச்ச வேலை செய்யும் நேரத்தில் மறுபடி பாருங்கள். மொத்தம் 2ஐத் தாண்டினால் வலி இருப்பதாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் கட்டில்காரருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஓய்வில் நான்கும் 0. இடப்பக்கம் திருப்பும்போது புருவம் இறங்கியது, 1. வலக்கை வயிற்றுப் பக்கம் நகர்ந்தது, 1. கை விறைத்தது, 1. இருமல் வந்து அலாரம் அடித்து நின்றது, 1. ஆக மொத்தம் 4. காலையில் வெறும் ‘திருப்பப்பட்டது’ என்று எழுதியிருப்போம்.

பிரெஞ்சு நாட்டில் உருவாகி 2001இல் வெளிவந்த ‘பிபிஎஸ்’ என்ற அளவுகோலும் பல இடங்களில் புழக்கத்தில் உள்ளது. அதில் முகம், கை, சுவாசக் கருவி மூன்று மட்டும். மொத்தம் 3 முதல் 12 வரை. இரண்டில் எது நல்லது என்று சண்டை பிடிப்பதைவிட, உங்கள் வார்டில் எது உள்ளதோ அதை எல்லாரும் ஒரே மாதிரி போடப் பழகுவது பயன் தரும்.

திரையில் ஏறும் எண்களை நம்பலாமா?

நாடித்துடிப்பு 88இலிருந்து 112க்கு ஏறினால் வலிதான் என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். அவசரப்பட வேண்டாம். காய்ச்சல், இரத்தக் கசிவு, நீர்ச்சத்துக் குறைவு, பயம் எல்லாமே நாடியை ஏற்றும். மறுபுறம், இதயத்துக்கு பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு வலித்தாலும் நாடி அதிகம் ஏறாமல் போகலாம். 2018இல் வெளியான அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டி, இந்த எண்களை மட்டும் வைத்து வலியைத் தீர்மானிக்காதீர்கள் என்கிறது. எண் மாறினால், போய் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். அந்த மணியோசைக்கு அவ்வளவுதான் வேலை.

சிலரிடம் முகமும் ஒன்றும் சொல்லாது. தசைகளை முழுதாகச் செயலிழக்க வைக்கும் மருந்து போகிறவர்கள் அப்படி. கோவிட் காலத்தில் நுரையீரல் மோசமாகி, கவிழ்த்துப் படுக்க வைக்கப்பட்ட பலருக்கு இந்த மருந்து தேவைப்பட்டது. புருவத்தைக்கூட அசைக்க முடியாத உடம்பில் சிபாட் 0 காட்டும். அந்த 0க்கு மதிப்பே இல்லை. கண்ணோரம் நீர் வழிகிறதா, கண்மணி விரிகிறதா, நாடி எகிறுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் இங்கே சரியான வழி, வலி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வலி மருந்தையும் தூக்க மருந்தையும் போதிய அளவில் தொடர்வதுதான்.

தலையில் அடிபட்டவர்கள் இன்னொரு வகை. இவர்களிடம் வழக்கமான முகச்சுளிப்பு குறைவாகவே தெரியலாம். முகம் சிவப்பது, மூடிய கண் சட்டென்று திறப்பது, கண்ணீர், கையை மடக்கிக்கொள்வது போன்றவை வரலாம். மருத்துவர் கிளாஸ்கோ அளவை பார்ப்பதற்காக இவர்களின் தோள் தசையைக் கிள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். 1974இல் ஸ்காட்லாந்தில் உருவான அந்த அளவை, மூளை எவ்வளவு விழித்திருக்கிறது என்று அறியத்தான். வலி எவ்வளவு என்று அளக்க அல்ல. அதில் ‘வலிக்குக் கண் திறத்தல்’ என்று இருந்ததை 2014இல் ‘அழுத்தத்துக்குக் கண் திறத்தல்’ என்று மாற்றியும்விட்டார்கள். கிளாஸ்கோ புள்ளி குறைவு, ஆகவே வலி தெரியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால் விரலைக் கிள்ளினால் கால் உள்ளிழுத்துக்கொள்வது முதுகுத்தண்டு மட்டத்திலேயே நடக்கக்கூடிய அனிச்சைச் செயல். அது ஒன்றை வைத்து ‘வலியை உணர்கிறார்’ என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே சமயம், அசையாதவருக்குள் யாரும் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் ஓர் இளம்பெண்ணின் மூளையை ஸ்கேன் செய்தார். சாலை விபத்துக்குப் பிறகு எந்தப் பதிலும் தராமல் பல மாதங்களாகக் கிடந்தவர். டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றதும், நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு மூளையில் எந்தப் பகுதி செயல்படுமோ அதே பகுதி அவருக்கும் செயல்பட்டது. இப்படி நீண்ட காலம் நினைவு திரும்பாதவர்களுக்கென்றே பெல்ஜியத்தின் லியேஜ் நகர ஆய்வாளர்கள் 2010இல் தனி வலி அளவுகோல் ஒன்றையும் வெளியிட்டார்கள்.

சரி, என்ன செய்வது?

முதலில், கேளுங்கள். கண் திறக்காதவரிடமும் கேளுங்கள். வலித்தால் என் விரலை அமுக்குங்கள், இமையைக் கொட்டுங்கள் என்று அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள். தோட்டத்தில் வளர்ந்த தமிழ்ப் பாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் பதில் இல்லை என்று எழுதக் கூடாது. ஒருவர் பதில் சொல்லிவிட்டால் அளவுகோல்கள் எல்லாம் இரண்டாம் பட்சம்.

பிறகு நேரம். திருப்பும்போது வலிக்கும் என்று தெரிந்தால், மருத்துவர் எழுதித் தந்த வலி மருந்தை வேலைக்கு முன்பே கொடுத்து, அது வேலை செய்யக் காத்திருக்க வேண்டும். இரத்தக் குழாய் வழி ஃபென்டனில் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும். மார்ஃபினுக்கு இருபது நிமிடம் வரை ஆகலாம். மார்ஃபினைக் கொடுத்த கையோடு புரட்டினால் வலி முழுவதும் நோயாளிக்கு, மருந்து முழுவதும் அதற்குப் பிந்திய தூக்கத்துக்கு.

மருந்தில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடுவது, வடிகுழாய்களை முதலில் தளர்த்தி வைப்பது, வயிற்றுக் காயத்தின் மேல் சிறு தலையணையை அணைத்துப் பிடிப்பது, ஒரே வீச்சில் புரட்டாமல் ஒரு கணம் நிறுத்துவது. சளி உறிஞ்சுவதைக் கடிகாரம் பார்த்து இரண்டு மணிக்கொரு தடவை என்று வைத்துக்கொள்ளாமல், சளி இருக்கும்போது மட்டும், ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடியைத் தாண்டாமல் செய்வது.

வீட்டில் மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 2003இல் வெளிவந்த ‘பெய்னாட்’ அளவுகோல் பொருந்தும். மூச்சு, முனகல், முகம், உடல், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்று ஐந்தைப் பார்ப்பார்கள். குளிக்க வைக்கும்போது மட்டும் அடிக்க வரும் பாட்டிக்குக் கோபம் இல்லாமல் இருக்கலாம்; தோள்மூட்டு வலியாக இருக்கலாம்.

உறவினர்களாகிய உங்களிடம் இருப்பதோ எந்த அளவுகோலிலும் இல்லாத அறிவு. அந்த முகத்தை நாற்பது வருடம் பார்த்தவர்கள் நீங்கள். பார்வை நேரத்தில் வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்காமல், தாதியிடம் போய்ச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன கட்டில்காரரைப் போன்ற ஒருவரின் மகள் அப்படிச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். “அப்பாவுக்குப் பல்வலி வந்தாலும் சரி, முதுகு பிடித்தாலும் சரி, வாயைத் திறந்து சொல்லவே மாட்டார், சிஸ்டர். வலது கால் கட்டைவிரலை மட்டும் மடக்கி மடக்கி விடுவார்.” அன்று காலைதான் போர்வையை இழுத்துக் கால்வரை மூடியிருந்தோம். மறுநாள் திருப்பும் நேரத்துக்கு முன்பே ஃபென்டனில் கொடுக்கப்பட்டது. கால்மாட்டில் போர்வையை ஒரு சாண் விலக்கி, ஒரு தாதி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். புருவம் அசையவில்லை. ஓர் இருமல் வந்தது, அடங்கியது. விரல் நேராகவே இருந்தது. புள்ளி 1 என்று எழுதி, பக்கத்தில் ‘வலது கால் பெருவிரலையும் பார்க்கவும்’ என்று அடுத்த ஷிப்ட் தாதியருக்குக் குறிப்பு வைத்தோம்.